மூடி போட்ட போசி

“முப்பத்தொரு ஆளு, டீச்சரம்மா. முப்பத்தொரு போனு. நான் யாருக்குத்தான் பாடம் நடத்தறது?”

அடுத்த அறைக்குள் காலெடுத்து வைத்ததும் வைக்காததுமாகச் சென்னியப்பன் கேட்ட கேள்வி இது. வணக்கம் இல்லை, சௌக்கியமா என்ற விசாரிப்பு இல்லை. கையில் இருந்த சாக்குக்கட்டியை நசுக்கிப் பொடியாக்கியிருந்தார்.

தாஜுன்னிசா ரப்பர் பொம்மையின் முழங்கையில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிப்பதை நிறுத்தவில்லை.

நொய்யல் கரையில் சாயப்பட்டறைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர் அது. தொழிலாளர் பயிற்சிக்கென்று இரண்டே அறை உள்ள ஒரு கட்டடம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இடது அறையில் பாய்லர் ஓட்டும் ஆண்கள் வந்து உட்காருவார்கள். வலது அறையில், வீட்டில் படுத்துவிட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பழகும் பெண்கள். நடுச்சுவர் கூரைவரை எழும்பவில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘நூறு’ என்பார்கள்.

ஆகவே சென்னியப்பன் போடும் சத்தம் தாஜுன்னிசாவுக்குப் புதிதில்லை.

சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தாறு. தாஜுன்னிசாவுக்கு முப்பத்து நாலு. மூத்தவர் இளையவரிடம் போய் நின்றதற்கு ஒரே காரணம்தான். அந்த அறையிலும் போன் அடிக்கும். ஆனால் டீச்சர் கத்தும் சத்தம் ஒரு நாளும் சுவர் தாண்டி வந்ததில்லை. அது எப்படி என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“அதுல ரொம்ப மோசம் யாருங்கண்ணா?” என்று தாஜுன்னிசா கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், சென்னியப்பன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். நாதஸ்வரம் ஊதுகிற போன் ஒன்று. கண்ணாடி உடைந்து டேப் ஒட்டிய போன் ஒன்று. யாராவது கூப்பிட்டால் கைக்குழந்தை கெக்கலித்துச் சிரிக்கிற போன் ஒன்று. அது அடித்தால் வகுப்பே சேர்ந்து சிரிக்கும். முதுகில் முருகன் படம் ஒட்டியது இரண்டு. இத்தனையிலும் கேடு கடைசி பெஞ்சில் இருக்கிற பச்சை உறை போட்ட போன். அதை வைத்திருப்பவன் கடிகாரம் வைத்தாற்போலக் கால்மணிக்கு ஒருக்கா பெஞ்சுக்கடியில் குனிகிறான். கிரிக்கெட்டோ, சூதாட்டமோ, என்ன எழவோ.

“அவரு பேரு என்னங்கண்ணா?”

சென்னியப்பன் விரலில் ஒட்டியிருந்த சாக்குப்பொடியைத் தட்டிவிட்டார்.

“டோக்கன் இருபத்தி மூணு.”

பட்டறையில் ஆளுக்கு ஒரு டோக்கன் இருப்பது போல வகுப்பிலும் ஆளுக்கு ஒரு நம்பர். முதல் நாள் அவர் செய்த ஏற்பாடு அது. நம்பரைக் கூப்பிடுவார், ‘உள்ளேன் சார்’ என்று குரல் வரும், டிக் அடிப்பார். முகத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

“நாதஸ்வரம் வெச்சிருக்கறவரு பேரு?”

“அதெல்லாம் எதுக்குங்க இப்ப? ஒரு வழி சொல்லுங்க.”

தாஜுன்னிசா பிரித்த கட்டைத் தன் உள்ளங்கையில் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கினார். டப்பாவில் போட்டு மூடினார். பொம்மையைத் தூக்கி அலமாரியில் படுக்க வைத்தார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் துப்பில்லை, இதற்கு ஒரு டீச்சர் வேலை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சென்னியப்பன் படியிறங்கினார்.

*

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரை வெறும் முசுடு என்று நினைத்துவிடுவீர்கள்.

பாய்லர் என்பது வாயை அடைத்த ஒரு பெரிய இரும்பு அண்டா. கீழே விறகு எரியும், உள்ளே தண்ணீர் கொதிக்கும், அந்த ஆவியில்தான் துணி சாயம் பிடிக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். அதில் தண்ணீர் பாதிக்குமேல் நின்றால் பயமில்லை. இறங்கினால் மோட்டார் போட்டு நிரப்ப வேண்டும். கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் மட்டும் மோட்டார் பக்கம் கை போகக் கூடாது. பழுத்துக் கிடக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் அண்டா வெடிக்கும்.

நஞ்சப்பன் இருபது வருசம் சென்னியப்பனோடு ஒரே பாய்லரில் முறை மாற்றி நின்றவர். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள் இருவரும். ஆறு வருசத்துக்கு முன் ஒரு மத்தியானம் நஞ்சப்பன் போனில் சினிமா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடி வெறுமையாக இருந்திருக்க வேண்டும். பதறியடித்து மோட்டாரைப் போட்டுவிட்டார்.

சென்னியப்பன் ஓடிப்போய்ப் பார்த்தபோது சுவர் இல்லை. நஞ்சப்பனும் இல்லை. வாசல் வேப்பமரத்தடியில் வந்து விழுந்திருந்த போனில் மட்டும் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தன் மழையில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

இந்த முப்பத்தொரு பேரும் பத்து வருசம், பதினைந்து வருசம் பாய்லர் முன்னால் நின்று கைப்பழக்கத்தில் கற்றவர்கள். இப்போது சர்ட்டிபிகேட் இல்லாத ஆளை நிறுத்தக் கூடாது என்று கெடுபிடி வந்துவிட்டது. தை மாதத்துக்குள் பரீட்சை பாஸ் ஆகாதவன் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். பரீட்சைக்கு யார் யாரை அனுப்புவது என்ற பட்டியலில் கையெழுத்துப் போடுவது சென்னியப்பன். அவர் பேனா வைத்த ஆள் பிழைத்தான்.

ஆனால் அவருக்கு அந்த அதிகாரத்தில் ருசி கிடையாது. இதில் ஒருத்தன்கூட நஞ்சப்பனைப் போலப் போகக் கூடாது. வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார். இவர்களோ குனிந்து போனைப் பார்க்கிறார்கள்.

கோபம் வராமல் என்ன செய்யும்?

*

அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்து ஒரு போசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விசேஷத்துக்கு ரசம் ஊற்றி வைக்கிற வாயகன்ற எவர்சில்வர் பாத்திரம், கனத்த மூடியோடு. எதற்கு என்று சம்சாரம் கேட்டதற்கு, “காளைகளுக்கு மூக்கணாங்கயிறு” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் போசியை வைத்தார். போனை அதற்குள் போடாமல் ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது.

வந்தவர்கள் தயங்கினார்கள். நரைத்த மீசை வைத்தவர்கள், பேரன் எடுத்தவர்கள், காலேஜுக்குப் பெண்ணை அனுப்புகிறவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோலிக்குண்டைப் பறிகொடுப்பது போல ஒவ்வொருத்தராகப் போனைப் போசிக்குள் விட்டார்கள். ஒருத்தர், வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தார். சென்னியப்பன் போசியைக் கண்ணால் காட்டினார். அவர் போட்டுவிட்டு உள்ளே போனார். இருபத்தி மூன்றாம் நம்பர் ஒன்றும் பேசாமல் போட்டுவிட்டுப் போனான்.

மூடியை அழுத்தி மூடிப் போசியைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

பலன் என்ன? முன்பு ஒரு போன் அடித்தால் ஒரு தலை குனியும். இப்போது ஒரு போன் அடித்தால் முப்பத்தொரு தலை நிமிர்ந்தது. யாருது, யாருது என்று கண்ணெல்லாம் போசிமேல். உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது. அது ஓய்வதற்குள் கைக்குழந்தை சிரித்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். சென்னியப்பன் மேசையைத் தட்டித் தட்டியே பாடத்தை முடித்தார். அன்றைக்கு என்ன நடத்தினார் என்று அவருக்கே பிற்பாடு நினைவில்லை.

அவர் வகுப்பு பன்னிரண்டுக்கு முடியும். அடுத்த அறையில் ஒரு மணிவரை நடக்கும். வேண்டாவெறுப்பாகப் போய் அந்த வாசலில் நின்றார்.

தாஜுன்னிசா கடைசி பெஞ்சைக் கை காட்டினார். போய் உட்கார்ந்தார்.

பெண்களின் போன் எல்லாம் அவரவர் முன்னால் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. ஒளிவு மறைவு இல்லை. படுத்தே கிடக்கும் நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று தாஜுன்னிசா சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு போன் அடித்தது. ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி எடுத்துப் பார்த்து, “எம் மருமவ, கொழந்தைக்குக் காச்சல்” என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

தாஜுன்னிசா பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

அப்படியே நின்றார். மற்ற பதினெட்டுப் பெண்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். சென்னியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நிமிசம். முழுசாக இரண்டு நிமிசம்.

போனவள் திரும்பி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிட்டாங்களாம் என்று சொல்லி உட்கார்ந்தாள். பாதியில் நின்ற வாக்கியம் மீதியோடு தொடர்ந்தது.

சித்த நேரத்தில் இன்னொரு போன். அதை எடுத்தவள் பெயரைப் பார்த்துவிட்டு, “எங்க நாத்தனா, வம்பளக்கக் கூப்புடறா” என்று கவிழ்த்து வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பாடம் நிற்கவில்லை.

வகுப்பு கலைந்ததும் சென்னியப்பன் எழுந்து வந்தார்.

“ரெண்டு நிமிசம் வீணாப் போச்சு. எதுக்கு நிறுத்துனீங்க?”

“அவங்க இங்க இல்லீங்களே அண்ணா.”

“போனவ ஒருத்தி. அவளுக்காகப் பதினெட்டுப் பேரு காத்துக் கிடக்கோணுமா?”

தாஜுன்னிசா கரும்பலகையைத் துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்.

“திரும்பி வந்தாங்கல்லீங்களா” என்றார்.

சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது கஞ்சி ஊற்றுகிற படிப்பு, நின்று நிதானமாக ஊற்றலாம், பாய்லர் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்காது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். சொன்னதில் பாதி வசவு. தாஜுன்னிசா அத்தனையையும் கேட்டார். முகம் சுளிக்கவில்லை. துடைப்பானைத் தட்டித் தூசியை ஜன்னலுக்கு வெளியே உதறினார்.

இவளிடம் வந்தது என் புத்திகெட்ட வேலை என்று அவர் முடிவு கட்டினார்.

*

மூன்றாவது ஞாயிறு நடத்தவேண்டிய பாடம், கண்ணாடியில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது. வருசத்தில் ஒரு தடவை நடத்தும் பாடம். நடத்தும்போதெல்லாம் நஞ்சப்பன் நினைப்பு வரும்.

போன்கள் போசிக்குள் போயின. மூடி விழுந்தது. பலகையில் பாய்லரை வரைந்தார். பக்கத்தில் கண்ணாடிக் குழாயை வரைந்தார்.

“முதல்ல புளோயரை நிறுத்து. காத்து நின்னாத்தான் தீ அடங்கும். ரெண்டாவது, விறகு போடாதே. மூணாவது...”

திரும்பினார். கடைசி பெஞ்சில் ஒரு தலை குனிந்திருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால்.

சத்தம் போடாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனார். இருபத்தி மூன்றின் மடியில் அந்தப் பச்சை உறை. கட்டை விரல் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டதும் அது பாதியில் நின்றது.

அப்படியானால் காலையில் போசிக்குள் போட்டது என்ன? அவன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் மேசைக்குத் திரும்பி மூடியைத் திறந்து துழாவினார். பேட்டரியே இல்லாத ஒரு பழைய பட்டன் போன் கையில் அகப்பட்டது. போன வாரமும் இதைத்தான் போட்டிருப்பான். செத்த போனைப் போசியில் போட்டுவிட்டு உயிருள்ளதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக அவர் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறான்.

“எந்திரி.”

இத்தனை நாள் எத்தனை கத்தினாலும் ‘ங்க’ போட்டுத்தான் கத்துவார். அது போய்விட்டது.

இருபத்தி மூன்று எழுந்து நின்றான். நாற்பத்தைந்து வயசிருக்கும். காதோரம் நரை. இடது முன்கையில் ஆவி பட்ட பழைய தழும்பு.

“போனைக் குடு.”

“சார், நீங்கதானுங்க சொல்லிருக்கீங்க, கண்ணாடிய உட்டுக் கண்ண எடுக்கக் கூடாதுன்னு...”

“எனக்கே பாடம் நடத்தறியா நீ? இன்னொரு வார்த்த பேசுனா பரிச்ச லிஸ்டுல உன் நம்பரு இருக்காது. போனைக் குடு.”

அவன் பெஞ்சிலிருந்து விலகி முன்னால் வந்தான். போனை நீட்டினான். சென்னியப்பன் அதைப் பிடுங்கிப் போசிக்குள் எறிந்தார். எவர்சில்வரில் பட்டு ணங்கென்றது. மூடியை அழுத்தினார்.

மறுபடியும் பலகை. அழுத்தி எழுதியதில் சாக்குக்கட்டி இரண்டாக முறிந்தது. இவனைப் போல ஒருத்தன்தான் நாளைக்குப் பட்டறையைத் தரைமட்டமாக்குவான் என்று பாடத்துக்கு நடுவே திட்டினார். யாரைத் திட்டுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இருபத்தி மூன்று தன் இடத்துக்குப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

பதினோரு மணிக்குப் போசிக்குள் ஒரு போன் கர்ரென்று அதிர்ந்தது.

இருபத்தி மூன்று எழுந்தான். ஒரே ஒரு நிமிசம் என்று ஆரம்பித்தான்.

“உக்காரு.”

உட்கார்ந்தான்.

பதினொன்றே காலுக்கு மறுபடியும் அதிர்ந்தது. வெளியே போய்விட்டு வரட்டுமா என்று கேட்டான். போனால் அப்படியே போய்விடு, திரும்பி வராதே என்றார் சென்னியப்பன். அவன் வாசலைப் பார்த்தான், போசியைப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தான்.

பதினொன்றரைக்குப் போசி நிற்காமல் அதிர ஆரம்பித்தது. அடித்து ஓயும், உடனே அடிக்கும். ஓயும், அடிக்கும். இரும்பு மேசையோடு சேர்ந்து அதிர்ந்ததில் பலகையில் எழுதிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

இருபத்தி மூன்று எழுந்து நேராக நடந்து வந்தான். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. மூடியில் கை வைத்தான்.

சென்னியப்பன் இரண்டு கையாலும் மூடியை அமுக்கினார். அவன் இழுத்தான். இவர் அவன் புறங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு ரசப் பாத்திரத்துக்காக மல்லுக்கு நின்றார்கள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வாசலில் தாஜுன்னிசா.

உள்ளே வந்தார். யாரிடமும் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. சென்னியப்பனின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் எடுத்தார்.

தாஜுன்னிசா மூடியைத் தூக்கிக் கீழே வைத்தார். துடித்துக்கொண்டிருந்த பச்சை உறை போனை எடுத்தார். அதைக் கேட்டு நீண்டிருந்த கையில் கொடுக்காமல் சென்னியப்பனிடம் நீட்டினார்.

“யாரு கூப்புடறாங்கன்னு படிங்கண்ணா.”

“யாரா இருந்தா எனக்கென்ன?”

“படிங்க.”

படித்தார். ‘மாரக்கா பாய்லர்.’

படித்து முடிப்பதற்குள் மணி நின்றது. விரல் பட்டதில் படங்கள் விரிந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக, கால்மணிக்கு ஒன்றாக. மற்றவர்கள் பார்த்தால் ஏதோ குழாய் என்பார்கள். சென்னியப்பன் முப்பது வருசம் பார்த்த குழாய் அது.

பத்து மணிப் படத்தில் முக்கால் கண்ணாடிக்குத் தண்ணீர். பத்தே காலில் கொஞ்சம் இறங்கியிருந்தது. பத்தரைக்குப் பாதி. பத்தே முக்காலுக்குப் பாதிக்குக் கீழே.

பதினோரு மணிக்குக் கால் கண்ணாடி. பதினொன்றே காலுக்கு ஒரு விரல்கடை.

கடைசிப் படத்தில் கண்ணாடி மட்டும் இருந்தது.

அடியில், எழுதி அனுப்புகிற கட்டத்தில், அனுப்பாமல் விட்ட எழுத்துகள் அப்படியே நின்றன. ‘மோட்டார் போ’ என்பதோடு முறிந்திருந்தது. பத்தே முக்காலுக்கு அவர் பிடுங்கிய இடம்.

போன் மறுபடி அடித்தது. சென்னியப்பனின் விரல் எங்கெங்கோ பட்டது. தாஜுன்னிசாதான் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏங் கண்ணு அர்த்தநாரி, எங்க தொலஞ்ச நீ? கண்ணாடில தண்ணியே காணம். நானே மோட்டாரப் போட்டு உட்டர்றேன்.”

“போடாதீங்க. அம்மா, மோட்டாரத் தொடாதீங்க.”

“நீங்க யாருங்க?”

கத்தியவர் சென்னியப்பன். ஆறு வருசமாக நஞ்சப்பனிடம் சொல்ல நினைத்த வார்த்தையைச் சொல்லியாகிவிட்டது.

அர்த்தநாரி போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“மாரக்கா, நாந்தான். அவரு சொல்றது சரி, மோட்டார் வேண்டாம். புளோயர நிறுத்து. செவப்பு பட்டன். நிறுத்திட்டயா? வெறகு ஒரு துண்டு போடாத. அடுப்புக் கதவச் சாத்து. உள்ள இருக்கறவங்க எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போயிரு. தண்ணி ஊத்தி அணைக்கறேன்னு ஒருத்தரும் நிக்க வேண்டாம். ஓடு.”

பலகையில் தொடங்கியிருந்த வரிசை அது. பிசகவில்லை. திட்டிக்கொண்டே இருந்ததில் மூன்றாவதைச் சென்னியப்பன் இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை.

புளோயர் ஓயும் சத்தம் போனில் கேட்டது. இரும்புக் கதவு சாத்தும் சத்தம். மாரக்காள் யார் யாரையோ பெயர் சொல்லி விரட்டினாள். செருப்புச் சத்தம், யாரோ ஒருத்தி துணியை எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு மாரக்காள் போட்ட வசவு. பிறகு மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. முப்பது ஆண்களும் மேசையைச் சுற்றி வந்து நின்றிருந்தார்கள். போசிக்குள் நாதஸ்வரம் ஊதியது. அதன் சொந்தக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு நிமிசம் போயிற்று.

“பதினாறு பேரும் ரோட்டுல நிக்கறோம் கண்ணு. பொகை கொறையுது. ஒண்ணும் ஆவல.”

அர்த்தநாரி தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டானே தவிர, குடிக்கவில்லை.

மற்றவர்கள் கேட்கக் கேட்கத் தரையைப் பார்த்தே சொன்னான். ஞாயிற்றுக்கிழமையும் முதலாளி பாய்லரை நிறுத்துவதில்லை. தண்ணீர் இறங்கினால் தானாக மோட்டாரைப் போட்டுவிடும் கருவி கெட்டு மாசக்கணக்காகிறது. வகுப்புக்கு வராவிட்டால் சர்ட்டிபிகேட் இல்லை, தை பிறந்தால் வேலை இல்லை. வகுப்புக்குப் போகிறேன், பாய்லரை நிறுத்துங்கள் என்றால் நாளைக்கே வேலை இல்லை. அதனால் விறகு தள்ளுகிற மாரக்காளுக்குப் படம் எடுக்கப் பழக்கினான். கால்மணிக்கு ஒருக்கா அனுப்பு, நான் சொல்லாமல் எதையும் தொடாதே என்று சொல்லி வைத்தான். ஆள் இல்லாமல் பாய்லர் ஓடுவது நாலு பேருக்குத் தெரிந்தால் முதலாளி யாரைத் தூக்குவார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

சென்னியப்பனின் கோபத்துக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. அந்த முதலாளிமேல் பாய்ந்தது. கெட்டுப்போன கருவிமேல் பாய்ந்தது. அர்த்தநாரியின் புறங்கையில் தன் விரல்கள் சிவந்து பதிந்திருந்ததைப் பார்த்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் பழைய வழிக்கே திரும்பிக் கத்தினார்.

“பதினாறு உசுருய்யா. நஞ்சப்பன் கணக்கா பதினாறு பேரு. ஏய்யா எங்கிட்டச் சொல்லல?”

அர்த்தநாரி தலையைத் தூக்கினான். அவன் கண்ணிலும் அதே கோபம் நின்றது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

“நீங்க போனைத்தான் கேட்டீங்க சார். குடுத்துட்டனுங்க.”